பழைய இல்லமும் பனிக்காலமும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உறையுளின் பயன் நாட்டிற்கு நாடு வேறுபடும். நம் நாட்டில் வீடென்பது பெரும்பாலும் வெயிலுக்கும் மழைக்கும் மறைவிடமாக அமைவது. காற்றுத் தடையின்றி உள்ளே புகுந்து வெளியேறுதல் வேண்டுமென்பதே நம்மவர் விருப்பம். வடபுலத்துக் குளிர்நாடுகளிலோ நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே ஆண்டில் ஏறத்தாழ ஆறு திங்கள் வரையில் வீடென்பது வெப்பத்தைச் சேமித்து வைக்கும் ஒரு கலமாகவே விளங்குகின்றது. கலம் செவ்விதாயின் சிறிது எரிபொருளே போதும். கலம் பொத்தலாயின் எத்துணைப் பொருளைச் செலவிட்டு எரித்தாலும் வெப்பம் தெருவிற்கே சென்று சேரும்.

நம் கல்லூரியிற் பயின்று சென்றோர் பலர் இன்று லண்டன், டொராண்டோ முதலிய நகரங்களில் வாழ்கின்றனர். இப்பொழுது இங்குப் பயில்வோருள்ளும் சிலர் நாளை மேற்படிப்பின் பொருட்டு அந்நாடுகளுக்குச் செல்லக்கூடும். அங்குக் குறைந்த வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய வீடுகளே. அவற்றை வெப்பமூட்டும் செலவு, புதிதாகச் சென்றோரைத் திகைக்கச் செய்வது. ஆதலின், பழைய வீட்டில் வெப்பம் எவ்வழியாக வெளியேறுகின்றது, அதனைத் தடுக்கும் முறைகள் யாவை, அவற்றுள் முன்செய்யத் தக்கது யாது, செய்யுங்கால் அஞ்சத்தக்கது யாது என்பவற்றை இங்கிலாந்து நாட்டு வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பழைய வீடுகளின் இயல்பு

இங்கிலாந்திலுள்ள வீடுகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு 1919-ஆம் ஆண்டிற்கு முன்னர்க் கட்டப்பட்டவை. தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், ஒன்றோடொன்று சுவரொட்டி நீண்ட வரிசையாக எழுப்பப்பட்ட வீடுகள் அவற்றுட் பல. அவ்வீடுகளின் வெளிச்சுவர் பொதுவாக ஒன்பது அங்குலக் கனமுள்ள செங்கற்சுவர். இடையே வெற்றிடம் இராது. கூரை, மரச்சட்டங்களின்மேல் ஸ்லேட்டுக் கற்பலகைகளோ ஓடுகளோ வேய்ந்தது. சாளரங்கள் ஒற்றைக் கண்ணாடி இட்டவை. தளம், மண்ணிற்குமேல் சிறிது இடைவெளி விட்டு விட்டங்களின்மேற் பரப்பிய மரப்பலகை. அவ்விடைவெளியில் ஈரம் தங்காவண்ணம் சுவரின் அடியில் துளையுள்ள செங்கற்களைப் பதித்திருப்பர். அறைதோறும் ஒரு கணப்பும் அதற்கொரு புகைபோக்கியும் உண்டு.

இவ்வீடுகளைக் கட்டினோர் அறியாமையினால் இங்ஙனம் கட்டினர் என்று எண்ணுதல் தவறு. அக்காலத்தில் நிலக்கரியே எரிபொருள். கணப்பு எரிவதற்குக் காற்று வேண்டும். அக்காற்றுக் கதவிடுக்கினும் பலகையிடுக்கினும் புகுந்து, புகையோடு கலந்து மேலே சென்றது. அக்காற்றோட்டமே சுவரின் ஈரத்தையும் உலர்த்திற்று. சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய சுவர் மழைநீரைச் சிறிது உறிஞ்சிப் பின்னர்க் காற்றில் உலரும். எனவே அவ்வீடு தன் காலத்திற்கு ஏற்றதோர் அமைப்பாகவே இருந்தது.

காலம் மாறிற்று. 1952-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து லண்டன் நகரை மூடியதனால் பல்லாயிரவர் மாண்டனர். அதன் பயனாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. வடகடலில் இயற்கை வாயு கண்டெடுக்கப்பட்டபின், 1967 முதல் 1977 வரையில் நாடெங்கும் வீடுகளின் அடுப்புகளும் கருவிகளும் அவ்வாயுவிற்கேற்ப மாற்றப்பட்டன. கணப்புகள் பெரும்பாலும் அணைந்தன. ஒரு கொதிகலத்திலிருந்து வெந்நீர் குழாய் வழியே அறைதோறும் சென்று வெப்பம் தரும் முறை பரவிற்று. முன்பு ஓர் அறையை மட்டும் சூடாக்கி அதனைச் சுற்றி அமர்ந்திருந்த குடும்பத்தார், வீடு முழுவதையும் சூடாக்கத் தலைப்பட்டனர். ஆனால் சுவரும் கூரையும் பழையனவே. வெப்பமூட்டும் முறை புதிதாயிற்று. வெப்பத்தைக் காக்கும் முறை புதிதாகவில்லை. இன்றைய இடர்ப்பாட்டிற்கு இதுவே வேர்.

வாயு மலிவாக இருந்த வரையில் இக்குறை பலர்க்குப் புலப்படவில்லை. விலை ஏறியபொழுது அது வெட்டவெளியாயிற்று. பிரிட்டனில் நடுத்தர அளவு வாயுவும் மின்சாரமும் பயன்படுத்தும் குடும்பத்திற்கு ஆண்டுச் செலவின் உச்சவரம்பு, 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் 1,277 பவுன் என்று வரையறுக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் அது 1,971 பவுனாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் 3,549 பவுனாக உயரும் என்று அறிவிக்கப்படவே, அரசினர் இடைபுகுந்து 2,500 பவுன் என்னும் அளவில் நிறுத்தினர். உண்பதா, குளிர்காய்வதா என்னும் வினா அப்பனிக்காலத்திற் பல ஏழை இல்லங்களில் எழுந்தது. வீட்டைப் போதிய அளவு சூடாக்க இயலாத நிலையை அந்நாட்டார் 'எரிபொருள் வறுமை' என்பர். வீட்டினுள் வெப்பநிலை 18 டிகிரி செண்டிகிரேடிற்குக் குறைதல் நலத்திற்குத் தீங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. குளிரில் குருதியழுத்தம் ஏறும். மூச்சுக்குழல் நோய் முற்றும். முதியோரும் குழவிகளுமே முதலில் வாடுவர். ஆதலின் வெப்பக்காப்பு என்பது செல்வர் வீட்டு வசதி மட்டும் அன்று. அஃது உயிர்காக்கும் செயலுமாம்.

வெப்பம் செல்லும் வழிகள்

வெப்பம் மூன்று வழிகளாற் செல்லும் என்பது பௌதிக நூல் பயிலும் மாணவர் அறிந்தது. ஒரு பொருளினூடே துகளுக்குத் துகள் பரவுதல் கடத்தல். காற்றோ நீரோ தானே இயங்கி வெப்பத்தைச் சுமந்து செல்லுதல் சலனம். இடையே யாதொரு பொருளும் வேண்டாது ஒளிபோற் பரவுதல் கதிர்வீச்சு. வீட்டில் இம்மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன. சுவரினூடே கடத்தல், இடுக்குகளின் வழியே சலனம், உடலிலிருந்து குளிர்ந்த சாளரக் கண்ணாடியை நோக்கிக் கதிர்வீச்சு. அறையின் காற்று 20 டிகிரி இருந்தும், குளிர்ந்த சுவரினருகே அமர்ந்தவர்க்கு உடல் நடுங்குவது இம்மூன்றாவதனாலேயே.

அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். செங்கல்லை நோக்கக் கனிம நார்ப் போர்வை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்துகின்றது. அந்நாரின் சிறப்பெல்லாம் அது தன் இழைகளினிடையே காற்றை அசையாமற் பிடித்து வைத்தலேயாம். கம்பளி, பஞ்சு, இறகு, வைக்கோல், மரத்தூள், தக்கை ஆகிய யாவும் இவ்வியல்பினவே. இதனை ஆராய்ந்தோருள் முதன்மையானவர் அமெரிக்காவிற் பிறந்து ஐரோப்பாவில் வாழ்ந்த பெஞ்சமின் தாம்சன் என்னும் ரம்போர்டு பிரபு. வெப்பத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1792-இல் லண்டன் ராயல் சங்கத்தாரின் காப்ளி பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. கணப்பின் தொண்டையைக் குறுக்கிப் பக்கச்சுவர்களைச் சாய்த்து அமைத்தால், புகை நன்கு மேலேறுவதோடு வெப்பமும் அறையினுள் மிகுதியாக வரும் என்று காட்டியவரும் அவரே.

குளிரைத் தடுக்கும் பொருளே வெம்மையையும் தடுக்கும் என்பதற்கு நம் சென்னை நகரிலேயே ஒரு சான்று உண்டு. கடற்கரையில் இப்பொழுது விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், 1842-ஆம் ஆண்டளவில் பனிக்கட்டி வைப்பதற்காக எழுப்பப்பட்ட ஐஸ் ஹவுஸ் ஆகும். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி ஏரிகளில் உறைந்த நீரை வெட்டி, மரத்தூளிற் பொதிந்து, பாய்க்கப்பலில் ஏற்றிப் பல திங்கள் கடற்பயணத்தின்பின் இந்நகரில் இறக்கினர். வெப்பமண்டலக் கடலைக் கடந்தும் பனிக்கட்டி முற்றும் உருகாதிருந்ததற்கு மரத்தூளினிடையே சிறைப்பட்ட காற்றும் ஒரு பெருங்காரணம். பனிக்கட்டிக்கு வெம்மை புகாமற் காத்த அதே விதிதான், குளிர்நாட்டு வீட்டினின்று வெம்மை வெளியேறாமற் காக்கின்றது.

ஒரு சிறு கணக்கு

காப்பிடுதலால் எவ்வளவு பயன் விளையும் என்பதைக் கணக்கிட்டு அறிதல் எளிது. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின் வழியே, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்குங்கால் எத்தனை வாட் வெப்பம் செல்கின்றது என்பதே அளவு. காப்பில்லாத பழைய கூரைக்கு இவ்வளவு ஏறத்தாழ 2.3. நாற்பது சதுர மீட்டர்க் கூரையும் 12 டிகிரி வேறுபாடும் கொள்வோமாயின், நாற்பதைப் பன்னிரண்டாற் பெருக்கி, 2.3-ஆற் பெருக்க, 1,104 வாட் வரும். அஃதாவது, ஆயிரம் வாட் மின்கணப்பு ஒன்று பகலும் இரவும் ஓயாமல் எரிந்து வானத்தைச் சூடாக்குவதற்கு ஒப்பாகும்.

அக்கூரையின் அடியில், மேன்மாடத்து முகட்டின்மேல், 100 மில்லிமீட்டர்க் கனமுள்ள கனிம நார்ப் போர்வையை விரித்தால் அளவு ஏறத்தாழ 0.34 ஆகக் குறையும். இழப்பு 163 வாட் ஆகும். அதனை 270 மில்லிமீட்டராக உயர்த்தினால் அளவு 0.14, இழப்பு 67 வாட். இக்கணக்கில் இடையிலுள்ள மரச்சட்டங்களின் வழியே செல்லும் வெப்பத்தை விட்டுவிட்டோம். உண்மையில் இழப்புச் சிறிது மிகும். எனினும் இதனால் இரு செய்திகள் விளங்குகின்றன. முதற் படலமே பெரும்பயன் தருவது. 1,104 வாட்டில் 941 வாட்டை அதுவே தடுத்துவிடுகின்றது. அடுத்து இடும் படலங்கள் பயனுடையவாயினும், பயன் படிப்படியாகக் குறையும். எனவே, ஓரிடத்தில் மிகத் தடிப்பாக இட்டு மற்றோரிடத்தை வெறுமையாக விடுதலினும், எல்லா இடங்களையும் ஓரளவேனும் மூடுதலே அறிவுடைமை.

செய்யத்தக்க முறை

முதலாவது, காற்றிடுக்குகளை அடைத்தல். இது மிகக் குறைந்த செலவில் முடிவது. சூடான காற்று இலேசாதலின் மேலேறி மாடியின் இடுக்குகள் வழியே வெளியேற, அதன் இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்தின் இடுக்குகள் வழியே குளிர்காற்றுப் புகும். வீடு முழுவதுமே ஒரு புகைபோக்கியைப் போலத் தொழிற்படும். கதவின் அடியிலும் சாளரச் சட்டத்தைச் சுற்றியும் தூரிகைப் பட்டையோ ரப்பர்ப் பட்டையோ பொருத்தலாம். தபால் இடும் துளைக்கும் திறவுகோல் துளைக்கும் மூடி இடலாம். பயன்படுத்தாத கணப்பின் புகைபோக்கியைத் தகுந்த அடைப்பானால் அடைக்கலாம். ஆயினும் அதனுள் ஈரம் தேங்காவண்ணம் சிறிது காற்று இயங்க வழிவிடுதல் வேண்டும். வாயுவோ விறகோ எரியும் கருவி உள்ள அறையிற் காற்றுத் துவாரத்தை ஒருபோதும் அடைத்தலாகாது. காற்றுப் போதாமல் எரியும் நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு பிறக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும்.

இரண்டாவது, கூரையடி. காப்பில்லாத வீட்டின் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதன் வழியே செல்லும் என்பர். முகட்டுச் சட்டங்களினிடையே 100 மில்லிமீட்டரும், அவற்றின்மேற் குறுக்காக 170 மில்லிமீட்டரும் இட்டு 270 மில்லிமீட்டராக்குதல் அந்நாட்டில் இப்பொழுது பரிந்துரைக்கப்படும் முறை. போர்வையை அழுத்தித் திணித்தலாகாது. அழுந்தினால் கனமும் காற்றும் குறைந்து பயனும் குறையும். கூரையின் இறப்பு ஓரத்தில் காற்றுச் செல்லும் வழியை அடைத்தலும் ஆகாது. மேலே ஏறும் பொறிக்கதவிற்கும் காப்பு வேண்டும். போர்வை விரித்தபின் அதற்குமேலுள்ள இடம் முன்னிலும் குளிர்ந்துவிடுமாதலின், அங்குள்ள நீர்த்தொட்டியையும் குழாய்களையும் தனியே போர்த்தாவிடின் கடும்பனியில் நீர் உறைந்து குழாய் வெடிக்கும். தொட்டியின் அடியில் மட்டும் காப்பு இடாது விட்டால், கீழிருந்து வரும் சிறு வெப்பம் அதனைக் காக்கும்.

மூன்றாவது, வெந்நீர்க் கலம். 80 மில்லிமீட்டர்க் கனமுள்ள உறை ஒன்றை அதற்கு அணிவித்தலும், வெந்நீர்க் குழாய்களுக்கு நுரைக்குழல் மாட்டுதலும் ஒருநாட் பிற்பகலிற் செய்து முடிக்கத்தக்க வேலைகள்.

நான்காவது, சாளரம். ஒற்றைக் கண்ணாடியின் அளவு ஏறத்தாழ 5. அஃதாவது, அதே பரப்புள்ள செங்கற்சுவரைப்போல் இருமடங்கிற்கு மேலாக வெப்பத்தை விடும். இரட்டைக் கண்ணாடிச் சாளரம் சிறந்தது. ஆனால் விலை மிக்கது. இரு கண்ணாடிகளுக்கு இடையே பொதுவாக 16 மில்லிமீட்டரளவு இடைவெளி விடுவர். மிகவும் அகன்றால் அவ்விடைவெளியிலுள்ள காற்றே சுழன்று வெப்பத்தைச் சுமக்கத் தொடங்கும். தொன்மை கருதிச் சட்டத்தாற் காக்கப்படும் வீடுகளிற் பழைய சாளரங்களை அனுமதியின்றி மாற்றுதல் இயலாது. அங்கு உட்புறத்தில் மற்றொரு கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்துவர். பொருளில்லாதார்க்குத் தடித்த திரைச்சீலையே துணை. அந்தி மயங்கியவுடன் திரையை இழுத்து மூடுதல் வேண்டும். திரை வெப்பக் கருவியின்மேல் தொங்குமாயின் வெப்பமெல்லாம் கண்ணாடிப் பக்கமே செல்லும் என்பதை மறத்தலாகாது.

ஐந்தாவது, தளம். பலகைகளுக்கு அடியில் விட்டங்களினிடையே காப்பிட்டு, இடுக்குகளை அடைத்தல் வேண்டும். சுவரடியில் உள்ள துளைச் செங்கற்களை மட்டும் அடைத்தலாகாது; அடைத்தால் தளத்தின்கீழ் ஈரம் தங்கி விட்டங்கள் உளுத்துப்போம்.

ஆறாவது, சுவர். வெப்ப இழப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதன் வழியேயாகும். ஆனால் செலவும் இடரும் மிக்க வேலையும் இதுவே. 1920-களுக்குப்பின் எழுந்த வீடுகளில் இரண்டு சுவர்களினிடையே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை பரவிற்று; அவ்வெற்றிடத்திற் சிறு துளை வழியே நாரையோ நுரைமணிகளையோ ஊதி நிரப்பலாம். அதற்கு முந்திய ஒரே சுவரிற்கு உள்ளேயோ வெளியேயோ காப்புப் பலகை பொருத்துதல் வேண்டும். உள்ளே பொருத்தினால் அறை சிறுக்கும். வெளியே பொருத்தினால் வீட்டின் முகம் மாறும். செவ்வனே செய்யின் 2 என்னும் அளவு 0.3 ஆகக் குறையும்.

ஈரம் என்னும் மறைபகை

இதுகாறும் கூறியவற்றை மட்டும் கேட்டு, வீட்டை ஒரு புட்டியைப்போல் அடைத்துவிடுவோர் பெருந்துன்பத்திற்கு ஆளாவர். ஏனெனின், வீட்டினுள் வாழ்வோர் மூச்சாலும், சமைத்தலாலும், நீராடுதலாலும், துணி உலர்த்துதலாலும் நாள்தோறும் பல லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகின்றனர். 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கனமீட்டர்க் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமிற்குச் சிறிது குறைவாகவே தாங்கும். அறைக் காற்று 20 டிகிரியும் நூற்றுக்கு 60 பங்கு ஈரப்பதமும் உடையதாயின், 12 டிகிரிக்குக் கீழான எப்பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர்த்துளியாகப் படியும். குளிர்ந்த சுவர்மூலையிலும் பீரோவின் பின்புறத்திலும் கருமையான பூசணம் படர்வது இதனாலேயே.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. தன் வீட்டுப் பூசணத்தை நெடுங்காலம் சுவாசித்ததே அதன் மரணத்திற்குக் காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அக்குடும்பம் வாடகைக்குக் குடியிருந்த குடும்பம். குறையைப் பலமுறை எடுத்துரைத்தும் பயனில்லை. அதன் விளைவாக, சமூக வீட்டுடைமையாளர் ஈரத்தையும் பூசணத்தையும் காலவரையறைக்குள் நீக்குதல் வேண்டுமென்னும் விதி 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது.

ஆதலின் காப்பிடுதலும் காற்றோட்டமும் இரட்டைப் பிள்ளைகளாகவே வளர்தல் வேண்டும். வேண்டாத இடுக்குகளை அடைத்து, வேண்டிய வழியைத் திறத்தலே நெறி. சமையலறையிலும் குளியலறையிலும் ஈரக் காற்றை வெளியேற்றும் விசிறி இன்றியமையாதது. பழஞ்சுவரின் உட்புறத்திற் காப்பிடுங்கால், நீராவி காப்பினூடே ஊர்ந்து பின்னுள்ள குளிர்ந்த செங்கல்லிற் படியாதபடி வகை செய்தல் வேண்டும். சுண்ணாம்பாற் கட்டிய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சிடுதல், மூச்சுவிடும் வாயைப் பொத்துதல் போலாம். உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையும் விட்டங்களையும் கெடுக்கும். அவ்வகைச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் மரநார்ப் பலகையும் ஏற்றவை என்று பழங்கட்டட வல்லுநர் கூறுவர்.

பொருளும் வேலையும் தூயவாதல் வேண்டும்

காப்புப் பொருளைத் தேர்தலிலும் விழிப்பு வேண்டும். 2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் லண்டனில் கிரென்பெல் மாடிக் கட்டடம் தீப்பற்றி 72 பேர் உயிர் துறந்தனர். அக்கட்டடத்தைச் செப்பனிட்டபொழுது வெளிச்சுவரிற் பொருத்திய, எளிதில் எரியும் பிளாஸ்டிக்கை நடுவிற் கொண்ட உலோகத் தகடுகளே தீ விரைந்து பரவுதற்கு முதற்காரணமாயின; பின்னிருந்த நுரைக்காப்பும் எரிந்தது. குளிரைத் தடுக்க இட்ட போர்வை கொள்ளியாதல் எத்துணைக் கொடிது! கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பழைய வீடுகளின் கூரையடியில் வெர்மிகுலைட் என்னும் பளபளப்பான கனிமத் துண்டுகள் கொட்டப்பட்டிருத்தல் உண்டு. அமெரிக்காவில் லிபி என்னும் ஊரின் சுரங்கத்திலிருந்து, 1990-இல் அது மூடப்படும்வரை வந்த அப்பொருளில், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதனைக் கண்டால் கையாற் கிளறாது, பயிற்சி பெற்றோரை அழைத்தலே தக்கது.

வேலையின் தரமும் அத்தகையதே. பிரிட்டானிய அரசின் திட்டங்களின்கீழ் வெளிச்சுவர்க் காப்பிட்ட வீடுகளைப் பற்றி அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவ்வீடுகளுள் நூற்றுக்கு 98 வீடுகளில், திருத்தாவிடின் ஈரமும் பூசணமும் விளைக்கக்கூடிய பெருங்குறைகள் இருந்தன என்று அது கூறிற்று. பொருளை வழங்குதல் எளிது; செய்யும் கையைப் பயிற்றுதலும் செய்த வேலையை மேற்பார்த்தலும் அரிது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டா. நம் கல்லூரியிலிருந்து பொறியியலுக்கும் பொருளாதாரத்திற்கும் செல்லும் மாணவர் இதனை நெஞ்சிற் பதித்தல் நலம்.

வாடகைக் குடியினர் நிலை

இவற்றையெல்லாம் செய்தற்கு வீடு தமக்குரியதாதல் வேண்டுமே என்பர் சிலர். அவ்வினா நேரியதே. காப்பிடும் செலவு வீட்டுக்காரர்க்கு. அதனால் வரும் மிச்சமோ குடியிருப்பவர்க்கு. ஆதலின் வீட்டுக்காரர் வாளா இருப்பர். குடியிருப்போர் குளிரில் வாடுவர். இம்முடிச்சை அவிழ்க்கச் சட்டமே துணை செய்தல் வேண்டும். அந்நாட்டில் வீட்டின் வெப்பத்திறனை முதல் எழுத்தாகிய ஏ-யிலிருந்து ஏழாவது எழுத்தாகிய ஜி வரையில் தரப்படுத்திச் சான்றிதழ் வழங்குகின்றனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018 ஏப்ரல் முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரல் முதல் நடப்பிலிருந்த தனியார் வாடகை ஒப்பந்தங்களுக்கும், சில விலக்குகள் நீங்கலாக, ஐந்தாம் தரமாகிய ஈ-யிற்குக் குறையாத சான்றிதழ் வேண்டுமென்று விதித்தனர். எனவே அங்குச் செல்லும் மாணவர், வாடகைத் தொகையை மட்டும் நோக்காது, சான்றிதழையும் கேட்டுப் படித்தபின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். மலிந்த வாடகையும் நலிந்த சுவரும் சேர்ந்த வீடு, முடிவில் விலை மிக்க வீடாகவே முடியும்.

குடியிருப்பவர் தாமே செய்யத்தக்கனவும் உண்டு. இடுக்கை அடைக்கும் பட்டை, கதவடியில் இடும் நீண்ட துணிச்சுருள், தடித்த திரை, தரைவிரிப்பு ஆகியவற்றைப் போகும்பொழுது உடன்கொண்டு செல்லலாம். பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரினின்று சிறிது தள்ளி வைத்தல், சமைக்குங்கால் மூடியிட்டு விசிறியை இயக்குதல், ஈரத்துணியைப் படுக்கையறையில் உலர்த்தாமை ஆகியவற்றிற்குச் செலவே இல்லை. பூசணம் கண்டவுடன் நாளும் இடமும் குறித்துப் படம் எடுத்து, வீட்டுக்காரர்க்கு எழுத்து வாயிலாகத் தெரிவித்தல் வேண்டும்; வாய்ச்சொல் காற்றிற் போம், எழுத்து நிற்கும்.

முடிவுரை

எரிபொருளை வாங்குதல் ஆண்டுதோறும் செய்யும் செலவு. காப்பிடுதலோ ஒருமுறை செய்து நெடுங்காலம் பயன் துய்ப்பது. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவோன் கிணற்றைக் குறைகூறுதல் பொருந்தாது. முதலில் ஓட்டையை அடைத்தலே முறை. அவ்வாறு அடைக்குங்கால் இடுக்கு, கூரை, கலம், சாளரம், தளம், சுவர் என்னும் வரிசையைப் பின்பற்றுக, ஒவ்வொரு படியிலும் ஈரத்திற்கு வழிவிடுக, நெருப்பிற்கு அஞ்சுக, வேலை தெரிந்தாரைக் கொண்டு செய்விக்க. தம் வீட்டைக் காத்தபின், அண்டை வீட்டில் தனித்து வாழும் முதியவரின் சாளரத்தில் பனிக்காலத்து மாலையில் விளக்கு எரிகின்றதா, அவர் அறை வெதுவெதுப்பாக இருக்கின்றதா என்று ஒருமுறை கதவைத் தட்டிக் கேட்டலும் நம்மவர் கடன். கதவிடுக்கிற்குப் பட்டை ஒட்டித் தருதற்கு அரைமணி நேரமே வேண்டும். அவ்வரைமணி அம்முதியவர்க்குப் பனிக்காலம் முழுவதும் பயன்தரும்.